ரோசாப்பூன்னு ஒரு ஆம்பளப் பேரு

வாடா பேராண்டி, உக்காரு. கட்டில்ல உக்காராத, கயிறு இத்துப்போய்க் கெடக்கு. திண்ணையிலயே சாஞ்சுக்க. பெங்களூருல இருந்து விடிய விடிய வண்டி ஓட்டியாந்திருக்க, கண்ணுல தூக்கம் நிக்கும்னு பாத்தா புதையல் எடுத்தவன் கணக்கால்ல முழிக்கிற? பிள்ளைக்குப் பேரு கெடச்சிருச்சா? சொல்லு, கேப்போம்.

ஹோசேவா?

இன்னொருக்கச் சொல்லு. ஹோசே. ம். சளி பிடிச்சவன் தொண்டையச் செருமுன மாதிரி இருக்கு. சரி, சரி, மூஞ்சியத் தூக்காத. எவன்கிட்டயும் இல்லாத பேரு, எபிரேயப் பேரு, போனுல தேடி எடுத்து, பேரெண் பாக்குறவர்கிட்ட மூவாயிரம் குடுத்துக் கூட்டிக் கழிச்சுச் சரிபாத்த பேரு. அம்புட்டும் நல்லது. உன் பொண்டாட்டிக்குத் திண்டுக்கல்தான? அவ தாத்தாவ ஊருல என்னன்னு கூப்பிடுவாங்க?

சூசை.

அதே பேருதான்டா இது! ஸ்பெயின்காரன் வாயில ஹோசே. போர்த்துக்கீசியன் அதையே நாக்கக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுவான். அந்தப் போர்த்துக்கீசியன்கிட்டக் கேட்டுக்கிட்டு நம்ம சனம் சொன்னதுதான் சூசை. 400 வருசத்துக்கு மேல இந்தச் சீமையில பொழங்குன பேரு. கொல்லையில முருங்க காச்சுத் தொங்குது, நீ சந்தைக்குப் போயி வெல குடுத்துக் காய் வாங்கியாந்திருக்க. அதுலயும் அந்தக் கடைக்காரன் 'இது எங்கயும் கெடைக்காத காய்'னு வேற சொல்லி அனுப்பியிருக்கான்.

'சீயானுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?'னு பாக்குறியா? கருமாத்தூர்ப் பக்கம் ஒரு சாமியாரு வீட்டுல முப்பது வருசம் தோட்டவேலை பாத்தவன்டா நான். அவரு எபிரேயம் படிச்சவரு. கத்தரிக்குத் தண்ணி பாச்சையில வரப்புல ஒக்காந்துக்கிட்டு ஒவ்வொரு பேரா உரிச்சு வைப்பாரு. நான் மம்பட்டியும் கையுமா 'ம்' கொட்டுவேன். அவருக்குக் கேக்க ஆளு வேணும், எனக்கு நெழலு வேணும். பொழுது போயிருச்சு.

போனுல என்ன போட்டிருக்கு? 'கடவுள் சேர்ப்பார்.' சரிதான். ஆனா அந்தப் பேரு பொறந்த கதைய உன் போனு சொல்லுச்சா?

யாக்கோபுன்னு ஒருத்தன். நம்மாளு மாதிரி தாய்மாமன் மகளக் கட்டுனவன். தங்கச்சிக்காரி ராகேலு மேல ஆசப்பட்டு, மாமன் வீட்டுல ஏழு வருசம் ஆடு மேச்சான். கல்யாணம் முடிஞ்சு விடிஞ்சு பாக்குறான், பக்கத்துல அக்காகாரி! கேட்டா மாமன் என்ன சொல்றான்? மூத்தவ இருக்க இளையவளக் குடுக்குற வழக்கம் எங்க ஊருல இல்லைன்னுட்டான். செக்கானூரணியில நின்னு கேக்குற மாதிரி இல்ல? அப்புறம் தங்கச்சிக்காக இன்னொரு ஏழு வருசம் மேச்சான். அவனுக்கு ஆடு மேய்க்கிறதே சோலி.

அக்காகாரிக்கு வரிசையாப் பிள்ள. ராகேலுக்கு வயிறு தொறக்கல. ஊருவாய் சும்மா இருக்குமா? கடைசியில ஒரு பய பொறந்தான். பெத்த ஒடனே அவ ரெண்டு வார்த்த சொன்னா. ஒண்ணு 'அசஃப்'. எடுத்துட்டான்னு அர்த்தம், என் அவமானத்தச் சாமி எடுத்துட்டான்னா. அடுத்தது 'யோசேஃப்'. கூட்டிக் குடுப்பான்னு அர்த்தம். இன்னொரு மகனையும் சாமி கூட்டிக் குடுக்கட்டும்னா. ஒண்ணு கழித்தல், ஒண்ணு கூட்டல். கூட்டலே பேரா நின்னுபோச்சு.

இப்பப் பாரு, தொப்புள்கொடி காயல, பச்ச மண்ணு இன்னும் கண்ணு முழிக்கல. அந்தப் பயலையே கூப்பிட்டு 'இன்னொண்ணு'ன்னா அவனுக்கு எப்பிடி இருக்கும்? கடையில மொதப் புரோட்டாவ இலையில போடையிலயே 'இன்னொண்ணு போடு'ங்குற கணக்கால்ல இருக்கு.

ஆனா நம்மாளுகளும் லேசுப்பட்டவங்க இல்ல. உசிலம்பட்டிப் பக்கம் போதும்பொண்ணுன்னு எத்தன பேரு இருக்காங்க, எண்ணிப் பாத்திருக்கியா? ராகேலு 'இன்னும்'னு எழுதுனா, நம்மாளுக 'போதும்'னு எழுதுனாங்க. ரெண்டும் சாமிக்குப் போட்ட கடுதாசிதான். கடுதாசிக்குத் தாளு கெடைக்காம பிள்ள மேல எழுதிப்புட்டாங்க. உன் அப்பத்தாகூடப் பொறந்தவ ஒருத்திக்கு அதுதான் பேரு. எம்பது வருசம் அந்தப் பேரச் சொன்னாத்தான் திரும்பிப் பாத்தா. 'போதும்'னு பேரு வச்ச அப்பனுக்குக் கடைசிக் காலத்துல கஞ்சி காச்சி ஊத்துனவ அவதான்; ஆம்பளப் பிள்ள நாலு பேரும் கேதத்துக்குத்தான் வந்தானுக.

ராகேலு கேட்டது கெடச்சுச்சா? கெடச்சுச்சு. பென்யமீனு. அவனப் பெத்த கையோட, போற வழியிலயே செத்துப்போனா.

சரி, அந்தப் பயகிட்ட வருவோம். அப்பனுக்குச் செல்லப்பிள்ள. தனியா ஒரு அங்கி தச்சுக் குடுத்தான், அண்ணமாருக்கு வயிறு எரிஞ்சுச்சு. குழியில தள்ளி, அப்புறம் 20 வெள்ளிக்காசுக்கு யாவாரிககிட்ட வித்துப்புட்டானுக. எகிப்துக்குப் போயி, செயிலுக்குப் போயி, ராசா கண்ட கனவுக்கு அர்த்தஞ் சொல்லி மேல வந்தான். ராசா என்ன பண்ணான் தெரியுமா? அவன் பேர மாத்துனான். சாப்நாத்பன்னேயாவாம். யாராச்சும் அப்பிடிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கியா? ராசா வச்ச பேரு நிக்கல, ஆத்தா வச்ச பேருதான் நின்னுச்சு.

அந்தக் கனவுல ஏழு கொழுத்த மாடு, ஏழு எலும்பு மாடு. வெளஞ்ச ஏழு வருசத்துலயும் அஞ்சுல ஒரு பங்கக் களஞ்சியத்துல கொட்டி வச்சான். நம்ம வீட்டுக் குலுக்க மாதிரி ஊருக்கே குலுக்க. வைகையில தண்ணி வந்த வருசத்துல திருவிழா, வராத வருசத்துல கடன்னு இருந்த நமக்கு, இது நல்லாவே புரியும். ஆனா அடுத்த கதைய யாரும் சத்தமாப் படிக்க மாட்டாங்க. பஞ்சம் வந்ததும் அதே தானியத்த அதே சனத்துக்கு வித்தான். காசு தீந்ததும் மாட்ட வாங்கிக்கிட்டான். மாடு தீந்ததும் நெலத்த எழுதி வாங்கி ராசாவுக்குக் குடுத்தான். கூட்டிக் குடுப்பான்னு பேரு வச்சது சரிதான். யாருக்குக் கூட்டுனான்னு மட்டும் கேக்காத. சாமியாருகிட்ட நான் கேட்டேன். 'போயி மடைய அடைடா'ன்னுட்டாரு.

இந்தப் பேரு நம்ம ஊருக்கு ஒரே வழியில வரல பேராண்டி. நாலு வாசல்லயும் வந்துச்சு, மதுரைக்கு நாலு கோபுர வாசல் இருக்குற மாதிரி.

ஒண்ணு அரபி வழி. குரான்ல பன்னெண்டாவது அத்தியாயத்துக்கே யூசுப்புன்னுதான் பேரு. நாளைக்கு டவுனுக்குப் போகையில காளவாசல் பக்கம் சம்மட்டிபுரத்துல எறங்கு. அங்க ஒரு பள்ளிவாசலு இருக்கு. உள்ள அடங்கியிருக்கிறது யூசுப் கான். நீங்கள்லாம் மருதநாயகம்னு சொல்லுவீங்க. 1997-ல சினிமாவுக்குப் பூச போட்டப்ப இங்கிலாந்து ராணியே வந்துச்சு. ராணி வந்துட்டுப் போயிருச்சு, படம்தான் இன்னும் வரல. பனையூருல மருதநாயகமாப் பொறந்தாருன்னு சொல்லுவாங்க. ஆனா மதுரைய ஆண்டது யூசுப்புங்குற பேருலதான். கும்பினிக்கும் நவாப்புக்கும் வரி வசூல் பண்ண வந்தவரு, பாளையக்காரங்களையும் நம்ம கள்ளநாட்டையும் அடக்கத்தான் மொதல்ல வாள எடுத்தாரு. அப்புறம் அந்தக் கும்பினியவே எதுத்து நின்னாரு. கோட்டைய முத்துகை போட்டும் வெள்ளக்காரனால பிடிக்க முடியல. கடைசியில கூட இருந்தவங்களே பிடிச்சுக் குடுத்தாங்க. 1764 அக்டோபர் 15-ந் தேதி தூக்குல போட்டாங்க. யோசேப்ப வித்ததும் கூடப் பொறந்தவங்க, யூசுப்பப் பிடிச்சுக் குடுத்ததும் கூடத் திரிஞ்சவங்க. பேருக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு அந்தப் பேரெண்காரன்கிட்டக் கேளு, இன்னொரு மூவாயிரம் வாங்கிக்கிட்டு 'இருக்கு'ம்பான்.

கான்பாளையம், கான்சாமேட்டுத் தெருன்னு மதுரைக்குள்ள அவரு பேரு இன்னும் தெருவுல கெடக்கு. பாதிப் பேருதான். யூசுப்பு போயிருச்சு, கான் மட்டும் நின்னுச்சு.

ரெண்டாவது வாசல் இத்தாலிக்காரர் ஒருத்தரு. நம்ம மதுரை மிஷனுக்கு வந்த பெஸ்கி. வீரமாமுனிவருன்னா உனக்குப் பள்ளிக்கூடத்துல படிச்ச ஞாபகம் வரும். அவரு முழுப் பேருல ரெண்டு துண்டு: கான்ஸ்டன்டைன், ஜோசப். மொதத் துண்டத் தமிழ்ல தைரியநாதர்னு மாத்தித் தன் தலையில வச்சுக்கிட்டாரு. ரெண்டாவது துண்ட என்ன பண்ணாரு? 'தேம்பாவணி'ன்னு 1726-ல ஒரு காவியம் கட்டுனாரு. 3615 பாட்டு. அதுக்கு நாயகன் ஏசுவ வளத்த தச்சன் சூசைதான். அவனுக்கு அவரு வச்ச தமிழ்ப் பேரு வளன். 'கூட்டிக் குடுப்பான்'ங்குற எபிரேயத்துக்கு 'வளன்'னா எப்பிடி இருக்கு! மண்ணுக்கு வளம் மாதிரி. திருச்சியில இருக்குற செயிண்ட் ஜோசப் காலேஜுக்குத் தமிழ்ல தூய வளனார் கல்லூரின்னு எழுதியிருக்கே, அந்த வளன் இந்தச் சூசைதான். தமிழுக்கு எகர ஏகார, ஒகர ஓகாரக் கொம்பப் பிரிச்சுக் குடுத்தவரும் வீரமாமுனிவருன்னுதான் பாடத்துல இருக்கு. யோசேப்புல ரெண்டு நெடிலு இருக்குல்ல? அதுக்கே அவரு வேண்டியிருக்கு.

மூணாவது வாசல் நம்ம கெழக்குக் கடக்கரைச் சூசை. அத உன் மாமனார் வீட்டுலயே கேட்டுக்க.

நாலாவது வாசல்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வெத்தலைய இப்பிடி நகத்து.

செங்கன்னூருல பொறந்த ஒரு மலையாளத்துக்காரரு, 1887-ல. லண்டன்ல பாரிஸ்டர் படிச்சுட்டு, அப்புறம் மதுரைக்கு வந்து வக்கீல் தொழில் பாத்தாரு. ஜார்ஜ் ஜோசப்பு. 1919-ல காந்தி மதுரைக்கு வந்தப்பத் தங்குனது இவரு வீட்டுலதான். வைக்கம் போராட்டத்துல செயிலுக்குப் போனவரு. அப்ப நம்ம ஊருல என்ன நடந்துச்சு? ரேகச் சட்டம். குற்றப் பரம்பரைன்னு முத்திர குத்தி, பொறந்தவன் வளந்தவன் பூராம் கைரேக வைக்கணும். ராத்திரியானா சம்சாரத்த விட்டுட்டுப் போலீசு காவல்ல போயிப் படுக்கணும். வெளியூருக்குப் போகணும்னா ராதாரிச் சீட்டு வேணும். 1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூருல ரேக வைக்க மாட்டோம்னு நின்னவங்களச் சுட்டாங்க. மாயக்காளோட சேத்து பதினாறு பேரு. தண்ணி குடுக்க ஓடுன பொம்பளைன்னு எங்கப்பன் சொல்லுவாரு.

எங்கப்பன் ரேக வச்சவரு. சட்டம் 1947-ல போயிருச்சு. ஆனா சொசைட்டியில கடன் வாங்கவோ ரேசன்லயோ எப்பப் பெருவெரல்ல மை தடவுனாலும், வெளிய வந்து மண்ண அள்ளித் தேச்சுத் தேச்சுத்தான் தொடைப்பாரு. வேட்டியில தொடைக்க மாட்டாரு. தோல் செவந்துரும், நீலம் போகாது. மறுநாளும் தேப்பாரு.

அந்தச் சனத்துக்காக ஜார்ஜ் ஜோசப்பு கோர்ட்டுக்குப் போனாரு, பத்திரிகையில எழுதுனாரு. பீசு வாங்கவா ஏறி எறங்குனாரு? சரி, இந்த உபகாரிய என்னன்னு கூப்பிடுறது? ஜோசப்புங்குறது வாயில நிக்கல. சோசப்பு, ரோசப்பு, ரோசாப்பூ. ரோசாப்பூத் துரை! கோட்டுல ரோசாப்பூ குத்தியிருப்பாரு, அதனால வந்த பேருன்னும் சொல்லுவாங்க. பூ குத்தியிருக்கலாம். ஆனா கோட்டுல பூ குத்துன துரைமாரு அந்தக் காலத்துல எத்தன பேரு? ஒருத்தருக்கும் மல்லியப்பூத் துரைன்னு பேரு வரலையே. நாக்கு செஞ்ச வேலைதான்டா இது, நான் அடிச்சுச் சொல்லுவேன். இதுல ஒரு வேடிக்க பாரு. ஜ நம்ம எழுத்து இல்ல. சரி, அத எடுத்துட்டாங்க. எடுத்த எடத்துல எத வச்சாங்க? ர. ரகரம் சொல்லுக்கு மொதல்ல வரக்கூடாதுன்னு இலக்கணம். ஒரு ஆகாத எழுத்த எடுத்துட்டு இன்னொரு ஆகாத எழுத்த நட்டு, அதுல ரோசாச் செடி வளத்துப்புட்டாங்க நம்ம பெருசுக.

இன்னும் கேளு. அவரு சொந்தப் பேரு ஜார்ஜு; ஜோசப்பு அவரு அப்பா பேரு. ஜார்ஜுன்னா கிரேக்கத்துல என்ன அர்த்தம் தெரியுமா? மண்ணுல வேலை செய்யுறவன், உழவன். ஏர் பிடிச்ச சனம், தன் பேரையே வச்சுக்கிட்டிருந்த ஜார்ஜ விட்டுட்டு அடுத்த துண்டப் பிடிச்சுப் பூவாக்குச்சு. அந்த அம்மா, அவரு சம்சாரம், பேரு சூசன்னா. அதுவும் எபிரேயம்தான். ஷோஷன்னான்னா அல்லி; இன்னைக்கு எபிரேயத்துல ரோசாவுக்கும் அதே பேருதான். ஆக வீட்டுக்குள்ள ஏற்கனவே பூ இருந்துருக்கு. தெரியாமலே சனம் வீட்டுக்காரர் தலையிலயும் ஒண்ணு வச்சுவிட்டுருச்சு. சாமியாரு இதச் சொன்ன அன்னைக்கு நான் மடைய அடைக்க மறந்து பாத்தி பூராம் ஒடஞ்சுபோச்சு.

அப்புறம் பிள்ளைகளுக்கு அந்தப் பேர வைக்க ஆரம்பிச்சாங்க. ஆம்பளப் பிள்ளைக்கு, ரோசாப்பூன்னு. என்கூட மாடு மேச்சவன் ஒருத்தன் ரோசாப்பூதான். ஆறடி இருப்பான், மீச மட்டும் கால்படி. பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப வாத்தியாரு தலையத் தூக்காமலே 'பெண்'ணுன்னு எழுதிப்புட்டாரு. அத மாத்த அவங்கப்பன் மூணு தடவ நடந்தாரு. மூணாவது தடவ, 'பேர மாத்திக்கங்களேன், லேசா முடிஞ்சிரும்'னாராம் வாத்தியாரு. 'ரேகையிலருந்து எங்கள மீட்ட பேருய்யா அது, நீ உன் ரிசிஸ்டர மாத்து'ன்னுட்டாராம் இவரு. அவருக்கு ராகேலும் தெரியாது, எபிரேயமும் தெரியாது. பேருக்கு என்ன அர்த்தம்னு கேட்டா பூவுன்னும் சொல்ல மாட்டாரு, வக்கீல்னுதான் சொல்லுவாரு.

ஜார்ஜ் ஜோசப்பு 1938 மார்ச்சுல மதுரையிலயே செத்தாரு. வயசு அம்பதுதான். யானைக்கல்லுல செல இருக்கு. நீ நூறு தடவ அந்தப் பக்கம் போயிருப்ப, யாரோ ஒரு பழைய தலைவருன்னு நெனச்சுட்டுப் பஸ்சப் பிடிச்சிருப்ப.

என்ன நெளியுற? ஓ, ஊருல என்ன சொல்லுவாங்கன்னு யோசனையா? சாமி கும்புடுற குடும்பத்துல வேதக்காரப் பேரான்னு? அடேய், 2017-ல ஒரு சினிமா நடிகரு பேருல ஜோசப்பு இருக்குன்னு ஒருத்தரு பூதம் கெளப்புனாரே, ஞாபகம் இருக்கா? அந்தப் பய என்ன பண்ணான்? சி. ஜோசப் விஜய்னு அச்சடிச்ச தாள்லயே எல்லாருக்கும் நன்றி சொல்லி எழுதிப்புட்டான். அதுவும் நம்ம மண்ணுல நின்னுக்கிட்டு ஜோசப்பு அன்னியப் பேருன்னு ஒருத்தன் சொன்னா, பெருங்காமநல்லூருக்குக் கூட்டிட்டுப் போயிச் சொல்லச் சொல்லு. அப்புறம் பாரு.

எனக்கு உன் ஹோசே மேல ஒரே ஒரு வருத்தம்தான். அது எந்த வாசல் வழியாவும் இந்த ஊருக்குள்ள வரல. போனு வழியா வந்திருக்கு. இன்னொரு சங்கடமும் இருக்கு. உன் அப்பத்தா காலையிலருந்து தொட்டில ஆட்டிக்கிட்டு என்னன்னு கூப்பிடுறா, காதக் குடுத்துக் கேளு. 'ஓசி, ஏ ஓசி, தூங்குடா ஓசி.' அவ வாயில ஹகரம் வராது, வந்தாலும் ஏகாரம் நிக்காது. மூவாயிரம் குடுத்து மகனுக்கு ஓசின்னு பேரு வச்சவன் இந்த வைகைக் கரையிலயே நீ ஒருத்தன்தான். நாளைக்கு பஸ்சுல கண்டக்டரு முன்னாடி அவனப் பேரு சொல்லிக் கூப்பிட்டுறாத.

நான் பேரு சொல்ல மாட்டேன், பெத்தவங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க. வளன்னு வச்சாலும் சரி, சூசைன்னு வச்சாலும் சரி, யூசுப்புன்னு வச்சாலும் எனக்குச் சம்மதம்தான். ரோசாப்பூன்னு வைக்க உனக்குத் தைரியம் இருக்கான்னு மட்டும் கேக்குறேன். பொறப்புச் சர்டிபிகேட்டுல பேர எழுத ஒரு வருசம் வரைக்கும் காசு கெடையாது. பிள்ள பொறந்து இருவத்தெட்டு நாளுதான் ஆகுது. பறக்காத. நாளைக்கு டவுனுக்குப் போறேல்ல, யானைக்கல்லுல எறங்கி அந்தச் செலைக்குக் கீழ எழுதியிருக்குறத ஒருக்கப் படிச்சுட்டு வா. வரையில சோழவந்தான் வெத்தல ஒரு கவுளி வாங்கிட்டு வா. காசக் குடுத்து வாங்கு, ஓசியில கேக்காத.